வதந்தியும் ஒரு வார அவகாசமும்

துப்பறியும் தொடர் தரும் ரசனையைக் குற்ற உணர்வோடு ஒப்புக்கொள்வது நம் இலக்கிய வட்டாரத்து வழக்கம். தேவையில்லை. ஐப்பசி மழையில் தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டிறங்கி, நனைந்து வீடு சேர்ந்தவன் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கொலையைப் பார்க்க விரும்புவதில் கேவலம் ஒன்றுமில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு: அந்த ரசனை அவனை எங்கே நிறுத்துகிறது?

தொண்ணூறுகளில் சன் டிவியில் வந்த 'விடாது கருப்பு' (கதை இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா) வாராந்திரத் தொடர். கொன்றது காவல்தெய்வமா, மனிதனா என்ற சந்தேகம் ஏழு நாட்கள் பார்வையாளனிடமே விடப்பட்டது. ரயிலிலும் டீக்கடையிலும் அதை வளர்த்தவர்கள் நாம்தான். திரைக்குள்ளிருந்த கிராமம் செய்ததையே வெளியே நாமும் செய்தோம்.

ஆண்ட்ரூ லூயிஸின் 'வதந்தி' 2022 டிசம்பரில் எட்டுப் பகுதிகளும் ஒருசேர வெளியாயிற்று. இறந்துபோன வெலோனியைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொன்றையும் நாம் நம்புகிறோம். அவளைப் பற்றி எழுதும் எழுத்தாளர் ஒருவரும் (நாசர்) உண்டு. நம் இனமும் தப்பவில்லை. கொன்றவன் யார் என்பதைவிட அவள் எப்படிப்பட்டவள் என்பதில் நமக்குள்ள ருசியைக் காட்டிக்கொடுப்பது இதன் சாதனை. ஆனால் அந்த ருசி புளிக்க அவகாசமில்லை. ஒரே இரவில் சந்தேகப்பட்டு, அதே இரவில் விடுதலையாகிவிடுகிறோம், அடுத்தவனிடம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே.

வதந்தி கதைப்பொருளாகிவிட்டது, நம் வாயிலிருந்து போய்விட்டது. சுத்தமான கைகளோடு தூங்கப்போகும் பார்வையாளன்தான் இந்த வடிவத்தின் தோல்வி.