தோலைப் படித்தவள்

பியூட்டி பார்லரைப் பற்றி நம் பெண்ணியக் கட்டுரைகள் நிறையவே பேசியிருக்கின்றன. சந்தை பெண்ணுடலை எப்படி விலைபேசுகிறது, சிவப்பழகு மோகம் சாதியோடும் கல்யாணத்தோடும் எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்பதெல்லாம் எழுதப்பட்டுவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து எழுதப்பட்டவை. அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்று அவள் முகத்தைக் கையில் ஏந்தியிருப்பவள், சந்தையின் கைக்கூலியாக ஒரு வரியில் வந்து போவாள். பல நேரம் வரவே மாட்டாள். நான் அந்தப் பின்னால் நிற்பவள். கள்ளக்குறிச்சியில் ஃபேஷியல் செய்து பிழைப்பவள். அவளுக்கு என்ன தெரியும், எதைத் தெரிந்துகொள்ள விடாமல் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியை இங்கே கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் தொழிலின் பாடநூல் எது? ஃபேஷியல் கிட்டின் அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள்தான். அதை ஓர் இலக்கியப் பிரதியைப் போல வாசித்துப் பாருங்கள். க்ளென்சர் தடவுக, ஸ்க்ரப் தேய்க்க, ஜெல் வைத்து மசாஜ் செய்க, பேக் போடுக, துடைக்க. எல்லா வாக்கியமும் கட்டளை. பக்கத்தில் நிமிடக் கணக்கு. நான் பிரித்த தாள்களில் ‘ஏன்’ என்ற சொல்லைப் பார்த்ததில்லை. செய்பவளுக்குக் கை உண்டு, தலை இல்லை என்று நினைத்து எழுதப்பட்ட பிரதி அது.

அரசு ஏட்டில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி ஓராண்டுப் படிப்பாக இருக்கிறது. அழகு மற்றும் நலவாழ்வுத் துறைக்கான திறன் கவுன்சில் ‘பியூட்டி தெரபிஸ்ட்’ வேலைக்குத் தகுதித் தரம் வகுத்திருக்கிறது. சுகாதாரமும் தோலின் அமைப்பும் அதில் உண்டு. ஆனால் எங்களில் பலர் இன்னொருவர் பார்லரில் கூட்டிப் பெருக்கி, துண்டு துவைத்து, பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். அதற்கு மேல் கிடைக்கும் ‘அட்வான்ஸ்டு டிரெயினிங்’ என்பது கம்பெனிகள் நடத்தும் ஒருநாள் செமினார். சர்டிபிகேட் கைக்கு வரும்போது கிட்டின் பில்லும் கூடவே வரும். அறிவைக் கொடுப்பவரே பொருளையும் விற்கும்போது, பொருளுக்கு எதிரான அறிவு வகுப்புக்குள் வராது.

அப்படி வராதவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். கறுத்த பெண்ணுக்கும் வெளுத்த பெண்ணுக்கும் தோலில் நிறமி உண்டாக்கும் செல்கள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அந்தச் செல்கள் செய்யும் மெலனின் பொதிகளின் அளவிலும், எவ்வளவு, எப்படிப் பரவுகின்றன என்பதிலும்தான் வித்தியாசம். ஆகவே எந்த ஃபேஷியலும் ஒருத்தியின் பிறவி நிறத்தை மாற்றாது. ப்ளீச் முகத்தின் பூனைமுடியை வெளுக்கச் செய்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு முகமே வெளுத்தது போலத் தெரிகிறது. மசாஜ் ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. இறந்த செல்கள் நீங்கி ஈரம் ஏறிய தோல் வெளிச்சத்தைச் சீராகத் திருப்பி அனுப்புகிறது. ‘க்ளோ’ என்று நாங்கள் விற்பது இதைத்தான். அது பொய்யல்ல, ஆனால் சீக்கிரம் வடிந்துவிடும்.

சுமார் 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு முழுமையான தோலைத் தாண்டி உள்ளே போவது அரிது. கொலாஜன் ஏறக்குறைய 3,00,000 டால்டன். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விலை கூடிய கொலாஜன் ஃபேஷியலின் வாக்குறுதி என்னவாகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கோல்டு ஃபேஷியலின் பொன்துகளும் தண்ணீரோடு போகிறது. இன்னொன்று: நம் போன்ற மாநிறத் தோலில் எரிச்சலோ காயமோ ஏற்பட்டால் அது ஆறிய இடத்தில் கருமை தங்கும். ‘கருமை போக நல்லா அழுத்தித் தேய்ங்க’ என்று கேட்டு வாங்கும் ஸ்க்ரப்பே கருமையை உண்டாக்கக்கூடும்.

இதைப் படித்துவிட்டு, அறிவியல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த அறிவியலுக்கும் ஒரு நிறம் இருக்கிறது. 1975ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டுதான் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் தோல் வகைகளுக்கான தன் அளவுகோலை முன்வைத்தார். இன்று தோல் படிப்பவர்கள் முதலில் கற்பது அதைத்தான். ஒளிச்சிகிச்சையில் எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று கணிக்க, வெள்ளைத் தோல்களைப் பிரிப்பதற்காக உருவானது அது. வெயிலில் உனக்குத் தோல் எரியுமா, கருக்குமா என்பதே அதன் கேள்வி. நம்மைப் போன்றவர்களுக்கான ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னால் ஒட்டப்பட்டவை.

அதே 1975இல் ஆல்பர்ட் கிளிக்மனும் ஐசக் வில்லிசும் தோலின் நிறத்தை அகற்றும் ஒரு கலவையை வெளியிட்டார்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு என மூன்றும் சேர்ந்தது. கறுப்பின ஆண்களின் இயல்பான, நோயற்ற தோலில் பூசி அது நிறத்தை நீக்குவதைக் காட்டினார்கள். இந்தக் கிளிக்மன் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகள்மீது நடந்த தோல் சோதனைகளை முன்னின்று நடத்தியவர். அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அதே 1975இல்தான் இந்துஸ்தான் லீவர் ‘ஃபேர் & லவ்லி’யை இந்தியாவில் விற்கத் தொடங்கியது.

மூன்றுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்றும் எங்கள் பார்லரில் சந்தித்துக்கொள்கின்றன. கிளிக்மன் கலவையின் வழிவந்த மூன்று மருந்துக் க்ரீம்கள், மங்குக்காக மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு எழுதித்தர வேண்டியவை. நம் ஊர்களில் அவை சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் ‘செவப்பு க்ரீம்’ ஆகிவிட்டன. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதனால் வரும் நிலைக்கு ‘ஸ்டீராய்டு பூச்சால் சேதமான முகம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு, 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்று அறிவித்தது. அறிவிப்பு எங்கள் ஊர் வரை வந்து சேர்ந்ததா என்பதற்கு என் நாற்காலிதான் சாட்சி.

கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் இறங்கி வரும் கல்யாணப்பெண்கள் இப்போது அதிகம். மலையாளிப் பழங்குடிப் பெண்கள். கடுக்காய் பொறுக்கியும், காட்டில் உழைத்தும், எஸ்டேட் வேலைக்குப் போயும் வெயிலில் வளர்ந்தவர்கள். அப்படி வந்த ஒருத்தியின் அம்மா, “ரெண்டு ஷேடாவது ஏத்தி விடும்மா, மாப்ள வீட்ல எல்லாரும் செவப்பு” என்றார். பெண்ணின் முகம் அப்போதே செக்கச்செவேல் என்றிருந்தது. கன்னத்தில் மெல்லிய ரத்த நாளங்கள் தெரிந்தன, தாடையோரம் புதுமுடி. வெறும் தண்ணீர் பட்டதற்கே “எரியுதுக்கா” என்றாள். எட்டு மாதமாக ஒரு க்ரீம். பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

அந்த இடத்தில் ப்ளீச் போடக் கூடாது, ஸ்க்ரப் கூடாது, ஆவி கூடாது. ‘அந்த க்ரீமைத் தூக்கிப் போடு’ என்று சொல்லிவிட்டு அனுப்பவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் முகம் முன்னைவிடக் கொப்பளிக்கும். சிறுவங்கூரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, க்ரீமின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அன்று எனக்கு வருமானம் இல்லை. பக்கத்துத் தெருவில் செய்துகொள்வோம் என்று அம்மா எழுந்துவிட்டார். பெண் மட்டும் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

இங்கேதான் என் வாதம் இருக்கிறது. இந்தத் தொழிலில் ஆழமான அறிவு என்பது பெரும்பாலும் ‘செய்யாதே’ என்று சொல்லும் அறிவு. சந்தையில் அதற்கு விலை இல்லை. செய்தால் கூலி, செய்யக் கூடாது என்று கண்டுபிடித்தால் கூலி இல்லை. மருத்துவர் பரிசோதித்து ‘மருந்து வேண்டாம்’ என்று சொன்னாலும் ஃபீஸ் வாங்குவார். நான் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் நம் கிராமங்களில் நாவிதர் சமூகத்துப் பெண்கள்தான் மருத்துவச்சிகளாகப் பிரசவம் பார்த்தார்கள். அவர்கள் கையில் இருந்தது அறிவு என்று ஊர் ஒப்புக்கொண்டதில்லை, படியளந்து அனுப்பியது. உடலைத் தொட்டுச் செய்யும் வேலை தாழ்ந்தது, தொடாமல் சொல்லும் சொல் உயர்ந்தது என்ற சாதிக் கணக்கு, எல்லாச் சாதிப் பெண்களும் வேலை பார்க்கும் பார்லருக்குள்ளும் தொடர்கிறது.

இந்த இடைவெளியில் விழுவது சின்ன ஆபத்தல்ல. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 22 பேரில் 15 பேருக்கு அரிதான ஓர் உட்பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். காரணமாகச் சுட்டப்பட்டது பாதரசம். அழகு க்ரீமில் பாதரசம் சேர்க்க இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. முகம் வெளுக்கிறது, கால் வீங்குகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வாய்ப்புள்ள முதல் ஆள் பெரும்பாலும் பார்லர் பெண்தான். லேபிளில் ‘கலோமெல்’ என்று இருந்தால் அதுவும் பாதரசம்தான் என்று அவளுக்குத் தமிழில் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இப்போது விளம்பரமே அறிவியல் பேசுகிறது. 2020இல் ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. செமினார்களில் நியாசினமைடு, பெப்டைடு, ‘ப்ரைட்டனிங்’ என்கிறார்கள். பழைய ஆசைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டார்கள். அதனால்தான் பெயர்களை மனப்பாடம் செய்வதை நான் படிப்பு என்று சொல்ல மாட்டேன். இந்தப் பொருள் எவ்வளவு ஆழம் போகும், எந்தத் தோலில் சோதித்தார்கள், யாருக்கு ஆகாது என்று கேட்கத் தெரிவதுதான் படிப்பு.

அழகுத் தொழிலே வேண்டாம் என்று சொல்லும் தோழிகளோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நாளைக் காலையும் அந்த நாற்காலியில் ஒருத்தி வந்து உட்காரத்தான் போகிறாள். அவளைத் தொடும் கைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதும் பெண்ணியத்தின் கேள்வியாக வேண்டும். மாநிறத் தோல்களின் படங்களோடு, கம்பெனிப் பெயரில்லாமல், தமிழில் ஒரு பாடநூல் வேண்டும். பயிற்சித் திட்டங்களில் ‘எப்போது செய்யக் கூடாது’ என்பது முதல் பாடமாக வேண்டும். பார்லரிலிருந்து தோல் மருத்துவருக்கு அனுப்பும் சீட்டை மருத்துவமனை மதித்து வாங்க வேண்டும். என் பார்லர் விலைப்பலகையின் முதல் வரியில் இப்போது ‘தோல் பார்த்துச் சொல்வதற்கு ரூ. 50’ என்று எழுதியிருக்கிறேன். பலர் அதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். சிலர் கொடுக்கிறார்கள்.