தந்தை பிரவுனின் ஐந்தாம் தொகுதி

ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்ட்டன் படைத்த துப்பறிவாளர் தந்தை பிரவுன், தம் குடையைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத குள்ளமான குருவானவர். நமக்கு அவர் வீட்டு மனிதர் போன்றவர். ஆகவே 1935இல் வெளிவந்த ஐந்தாம் தொகுதியான 'தந்தை பிரவுனின் இடறல்' நம்மை ஏமாற்றிவிட்டது என எழுத மனம் கூசுகிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

1911இல் வந்த முதல் தொகுதியில் 'பறக்கும் விண்மீன்கள்' என்றொரு கதை உண்டு. திருடிய வைரங்களோடு ஃபிளாம்போ இரவில் தோட்டத்து மரத்தின்மீது இருக்கிறான். கீழே நிற்கும் தந்தை பிரவுன் காவலரைக் கூவி அழைக்கவில்லை. இந்த வழி அவனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஒரு தகப்பனைப் போல் எடுத்துரைக்கிறார். வைரங்கள் மேலிருந்து விழுகின்றன. அங்கே மீட்கப்பட்டது வைரம் மட்டுமா?

ஐந்தாம் தொகுதியின் தலைப்புக் கதை மெக்சிகோவில் நடக்கிறது. புகழ்பெற்ற பெண்ணொருத்தி கவிஞனான காதலனோடு ஓடிப்போக நம் குருவானவர் துணைநின்றார் என்று பத்திரிகையாளர் ஒருவர் கொதிக்கிறார். உண்மையில் அவள் சென்றது கட்டிய கணவனோடு! திருப்பம் சாமர்த்தியமானதே, செய்தித்தாள்களின் அவசரத்துக்கு விழும் குட்டும் ரசிக்கத்தக்கதே. ஆனால் அவள் உள்ளம் எவ்வாறு திரும்பியது? அந்தப் போராட்டம் நம் கண்முன் நிகழவேயில்லை. பத்திரிகையாளரின் பிழை வெளிப்படுகிறது. பெண்ணின் ஆன்மா திரைக்குப் பின்னால் நின்றுவிடுகிறது. குற்றவாளியின் உள்ளத்துக்குள் தாமே புகுந்து பார்ப்பதுதான் தம் இரகசியம் என்று 1927ஆம் ஆண்டுத் தொகுதியில் சொன்னவரல்லவா இவர்!

புதிதாக வாசிக்கத் தொடங்குவோர் முதல் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் கடைசியில் வாசித்தால் போதும்.