நாவலரும் யூதர் திருநாட்களும்

ஆறுமுக நாவலரின் ‘சைவதூஷண பரிகாரம்’ 1854ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம் சமய பாட நூல்கள் அதனை ஒரு வெற்றிப் பத்திரமாகவே அறிமுகப்படுத்துகின்றன. பாதிரிமார் தொடுத்த கணையை எடுத்து அவர்கள்மீதே திருப்பி எய்தார் நாவலர் என்பது ஆசிரியர் சொல்லும் வாய்பாடு. பதுளைப் பகுதிப் பாடசாலைகளில் சமய பாடவேளை வந்ததும் சைவ மாணவர் ஓரறைக்கும் கிறிஸ்தவ மாணவர் வேறோரறைக்குமாகப் பிரிந்து விடுவர். ஆதலால் அக்கணை எதனாற் செய்யப்பட்டது என்று பார்க்கும் வாய்ப்பு இரு சாராருக்கும் கிட்டுவதில்லை.

அது எபிரேய வேதத்தாற் செய்யப்பட்டது. பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர் நாவலர். அந்நூலின் மூலை முடுக்கெல்லாம் அவருக்குத் தெரியும். கோவில், பலிபீடம், நிவேதனம், தூபதீபம், நன்னாள் எல்லாம் அஞ்ஞானம் என்று மிஷனரிமார் கூறியபோது, இவையனைத்தும் இஸ்ரவேலருக்கு உங்கள் கடவுளே விதித்தவையல்லவா, யேசுவும் அத்தேவாலயத்துக்குச் சென்று அத்திருநாட்களைக் கொண்டாடியவரல்லவா என்று அவர் கேட்டார். தருக்கம் என்ற வகையில் இதற்கு ஈடு சொல்வது எளிதன்று. வேதத்தை வேதத்தாலேயே மடக்கும் அவருடைய உரைநடையின் மிடுக்கை இன்றும் ரசிக்கலாம்.

மிஷனரிமார் வைத்திருந்த விடை பழையது. யூதர் திருநாட்கள் நிழல், கிறிஸ்துவே பொருள். பொருள் வந்தபின் நிழலுக்கு வேலையில்லை என்பது. பவுலின் நிருபங்களிலேயே இதற்கு வித்து உண்டு. பஸ்காவின் ஆட்டுக்குட்டி சிலுவையிற் போய் முடிந்தது. வாரங்களின் பண்டிகை பெந்தெகொஸ்தே ஆயிற்று. கூடாரப் பண்டிகைக்கு நேர்வாரிசாக எதுவும் வரவில்லை. ஆனால் யூதர் தங்கள் திருநாட்களை நிழலென்று எண்ணிக் கைவிட்டாரா? இன்றும் பங்குனி, சித்திரைப் பௌர்ணமியையொட்டிப் பெரும்பாலும் வரும் பஸ்கா இரவில் யூதக் குடும்பங்கள் கசப்புக் கீரையும் புளிப்பில்லா அப்பமும் வைத்து அடிமை வாழ்வின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்கின்றன. எகிப்திலிருந்து மீண்டவர் நம் பாட்டன்மார் மட்டுமல்லர், நாமே என்று ஒவ்வொரு தலைமுறையும் கருத வேண்டும் என்பது அவ்விரவின் நெறி. உயிரோடிருக்கும் ஒரு மக்களின் நினைவை மிஷனரி நிழலாக்கினார், நாவலர் சான்றாக்கினார். சடங்கின் உருவத்தோடு இருவரும் நின்றுவிட்டனர்.

உருவத்துக்குள்ளே இருப்பது என்ன? உபாகமத்தைப் புரட்டினால், ஓய்வுநாளில் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்ற கட்டளைக்கு ‘நீயும் அடிமையாயிருந்தாய்’ என்பதே காரணமாகக் காட்டப்படுகிறது. ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும். ஏழாண்டுக்கொருமுறை கடனை விடுதலை செய்ய வேண்டும். வாரங்களின் பண்டிகையிலும் கூடாரப் பண்டிகையிலும் வேலையாளும் பரதேசியும் அநாதையும் விதவையும் கூடி மகிழ வேண்டும்.

நாவலர் நூல் வெளிவந்த அதே 1854இல்தான் கண்டிச் சீமையில் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கிற்று. தோட்டத் துரைமாரின் நன்கொடையும் அதற்கு உண்டு. பின்னர் உபதேசிமார் ஊவாவின் லயங்களுக்கும் வந்தனர். கங்காணியின் முன்பணத்தில் கழுத்துவரை அமிழ்ந்து, கடனைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்தில் பெயர் பதிய முடியாதிருந்த மக்களுக்கு யாத்திராகமம் படித்துக் காட்டப்பட்டது. கடன் விடுதலையை வேதத்தில் வைத்திருந்தவர்களின் ஆட்சியில் துண்டு முறை 1921வரை நீடித்தது. பதுளையின் புனித மாற்கு ஆலயம் யார் நினைவாக எழுந்தது என்பதையும் இங்கே சொல்லலாம்: அப்புத்தளையில் 1845இல் மின்னல் தாக்கி இறந்த, யானை வேட்டைக்குப் பேர்போன மேஜர் ரொஜர்ஸ் நினைவாக!

நாவலர்மீதும் கேள்வி எழத்தான் செய்யும். பஞ்சகாலத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்த பெருந்தகை அவர், ஐயமில்லை. ஆயினும் சாதியாசாரத்தைக் கைவிடாதவர். பலிபீடத்தைக் கண்ட கண் கூலியாளைக் காணாததற்கு அவருடைய சமூக நிலையே காரணம் என்பது நம் துணிபு.

அதற்காக எபிரேய வேதத்தைப் பாட்டாளியின் சாசனம் என்று தலையில் தூக்கிவைப்பதும் தவறு. யாத்திராகமம் பன்னிரண்டாம் அதிகாரம் பஸ்கா உணவில் அந்நியனுக்கும் கூலியாளுக்கும் பங்கில்லை என்கிறது. யூபிலி வருடத்தின் விடுதலையை அறிவிக்கும் அதே லேவியராகம அதிகாரம் பிற இனத்தாரை நிரந்தர அடிமைகளாக வைத்திருக்க இடம் கொடுக்கிறது. மிஷனின் பெயரிலிருந்த ‘கூலி’ என்ற சொல் பஸ்கா விதியிலும் விலக்கப்பட்டவனின் பெயராக நிற்பதைத் தோட்டக் கோவிலில் அமர்ந்திருந்தவர் எவ்வாறு கேட்டிருப்பர்? பிற்காலத் தீர்க்கதரிசிகள் இத்தகைய முரண்களோடு மல்லாடியவர்களே. ஆமோஸ், ஏழையை மிதித்துக்கொண்டு நடத்தும் திருநாளைக் கடவுள் வெறுக்கிறார் என்றார். நாவலரை மறுக்க விரும்பிய பாதிரிக்கு அந்த ஆமோஸ் கைகொடுத்திருப்பார். ஆனால் அவரைத் துணைக்கழைத்தால் நன்கொடை கொடுத்த துரைமாரையும் சேர்த்தே கண்டிக்க நேர்ந்திருக்கும்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. பசறையிலிருந்தும் ஹாலிஎலவிலிருந்தும் பெட்டி கட்டியவர்களுக்கு எது எகிப்து, எது கானான்? இரு அரசாங்கங்கள் தம்முள் செய்துகொண்ட வாக்குறுதி அது. போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினை தீர 2003இன் சட்டம் வரவேண்டியிருந்தது.

திருநாளும் கடனும் இம்மலைகளில் இன்னும் பிரியவில்லை. தீபாவளிக்குத் தோட்ட நிருவாகம் முற்பணம் தருகிறது. புத்தாடையும் பலகாரமும் முடிந்தபின் மாதந்தோறும் சம்பளத்திலிருந்து அது கழிக்கப்படுகிறது. கடனைத் தீர்க்கும் யூபிலியைக் கிறிஸ்தவ மாணவர் ஓரறையில் படிக்கின்றனர். நாவலரின் வெற்றியைச் சைவ மாணவர் அடுத்த அறையில் படிக்கின்றனர். இரு அறையினரின் தாய்மாரும் அதே மலையில் கொழுந்து பறிக்கின்றனர். ‘சைவதூஷண பரிகார’த்தையும் உபாகமத்தின் பதினைந்தாம் அதிகாரத்தையும் ஒரே மேசையில் வைத்து, இலக்கிய பாடவேளையில் அவர்களுக்குக் கற்பிக்க எந்தச் சுற்றுநிருபமும் தடையாக இல்லை.