சாத்தான் தந்த இசையா?

பாட்டின் சொற்கள் மறந்துவிடும். பாடியவர் பெயரும் மறந்துவிடும். பாட்டின் முகப்பிலே வந்த நாலைந்து ஒலிகள் மட்டும், வாடகை கொடுக்காத குடியிருப்பாளனைப்போல், செவியை விட்டுக் கிளம்ப மறுக்கும். அத்தகைய இசைத்துணுக்கு ஒன்று நெடுநாள் நம்மை ஆட்டிவைத்தது. கிட்டார் ஒலி, மேலைநாட்டு ராக் இசையைச் சேர்ந்தது, கேட்டவுடன் நாற்காலியை விட்டு எழச்செய்வது. இவ்வளவுதான் நினைவு. இவ்விதம் மீண்டும் மீண்டும் வந்து பாட்டையே தாங்கி நிற்கும் சிறு துணுக்கை ரிஃப் என்பர் அத்துறையினர்.

வாயால் முணுமுணுத்துக் காட்டி நண்பர்களிடம் கேட்டோம். 'ஃபிளீட்வுட் மேக்' குழுவினர் 1968-இல் வெளியிட்டது என்றார் ஒருவர். ஜான் மேயால் குழுவில் பீட்டர் கிரீன் இருந்தபோது 1967-இல் வந்தது என்றார் இன்னொருவர். இல்லை, 'சீசீ டாப்' குழுவின் 1979-ஆம் ஆண்டுத் தட்டிலே உள்ளது என்று அடித்துப் பேசினார் மூன்றாமவர். மூவர் சொன்னதும் உண்மை. ஆனால் மூவரும் சொன்னது பேரன்களின் பெயரை! பாட்டனின் பெயரை எவரும் சொல்லவில்லை.

பாட்டனைத் தேடுவது எப்படி? சோதிடனிடமா கேட்பது? செவி இருக்கிறது, அறிவு இருக்கிறது. முதல் அடையாளம், ஒலியின் தன்மை. விரல் ஒவ்வொரு மெட்டாகத் தாவும் ஒலியல்ல அது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஒலி. நம் நாட்டுக் கோட்டுவாத்தியத்திலே கட்டையைத் தந்தியின் மேல் இழைப்பார்களே, அதைப் போன்றது. அந்நாட்டார் விரலிலே உலோகக் குழாயையோ கண்ணாடிக் குப்பியின் கழுத்தையோ மாட்டிக்கொண்டு இழைக்கின்றனர். இரண்டாவது, தாளம். ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று தட்டு: தகிட, தகிட, தகிட என்று திசிர நடை. மூன்றாவது, இடம். தந்திகளையெல்லாம் ஒரே இசைவாகச் சுருதி கூட்டி, குழாயைப் பன்னிரண்டாம் மெட்டுக்குத் தூக்கிச் சென்று, அங்கே நின்று குமுறுவது. இம்மூன்றும் ஒருங்கே கூடியிருந்தால் ஐயம் வேண்டா. அது எல்மோர் ஜேம்ஸ் என்ற கருப்பின இசைவாணரின் கைவண்ணம். பாட்டின் பெயர் 'டஸ்ட் மை ப்ரூம்'. பதிவானது 1951 ஆகஸ்டுத் திங்களில், மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில்.

யார் இந்த எல்மோர் ஜேம்ஸ்? 1918-இல் மிசிசிப்பியிலே பிறந்தவர். பருத்திக் காடும் வாரக் குத்தகையும் நிறவெறிச் சட்டமும் கருப்பின மக்களை வாட்டிய மண் அது. கிட்டார் வாங்கக் காசில்லாத பிள்ளைகள், துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியை அவிழ்த்து, வீட்டுச் சுவரிலே ஆணி அடித்து இழுத்துக் கட்டி, குப்பியால் இழைத்து வாசித்துப் பழகிய மண். துடைப்பத்தைத் தட்டிவிட்டுப் போகிறேன் என்றால், இனி இந்த வீட்டில் எனக்கென்ன வேலை, புறப்படுகிறேன் என்று பொருள். பாட்டின் தலைப்புக்கு அதுவே விளக்கம்.

இரண்டாம் உலகப் போரில் எல்மோர் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார். போர் முடிந்து திரும்பியவர், கேன்டன் என்ற ஊரில், வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தார். இதைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவருடைய கிட்டார் ஏன் மற்றவர் கிட்டாரைப்போல் ஒலிக்காமல் அடிவயிற்றிலிருந்து அலறுவதுபோல் ஒலித்தது? மின்சாரம் எப்படி ஒலியாகிறது என்பதை அந்தக் கடையிலே கையால் தொட்டு அறிந்தவர் அவர். மரக் கிட்டாரிலே காந்தக் கருவியைப் பொருத்தி, ஒலிபெருக்கியைத் தன் விருப்பப்படி திருத்தி, ஒலி உடைந்து கரகரக்கும் எல்லைவரை கொண்டு சென்றார். பின்னாளில் ராக் இசைக்காரர் அனைவரும் தேடித் திரிந்த அந்தக் கரகரப்பு, பற்றவைக்கும் கோலும் செப்புக் கம்பியும் கிடந்த மேசையிலே பிறந்தது.

எல்மோர் இந்த ஒரு துணுக்கையே மாற்றி மாற்றி வாசித்தார் என்று குறை கூறுவோர் உண்டு. குறையில் உண்மை இல்லாமலில்லை. முதல் தட்டு விலைபோனதும், சிறு மாற்றத்தோடு 'ஐ பிலீவ்', பிறகு 'டஸ்ட் மை ப்ளூஸ்' என்று அதே சரக்கை வேறு நிறுவனங்களுக்குப் பதிவு செய்தார். வயிறு இருக்கிறதே! ஆனால் 'தி ஸ்கை இஸ் க்ரையிங்' என்ற பாட்டைக் கேட்டவர் அவரை ஒற்றைத் துணுக்குக்காரர் என்று சொல்லத் துணியார். அங்கே வேகம் இல்லை. ஒவ்வோர் ஒலிக்கும் இடையே விடும் இடைவெளியில், மேலும் சொல்லப்போகிறாரா, சொல்லாமலே விட்டுவிடப்போகிறாரா என்று நாம் காத்துக் கிடக்கிறோம். நம்மைக் கேட்டால், 'டஸ்ட் மை ப்ரூமை' விட இதுவே அவருடைய சிறந்த பதிவு என்போம். 1963-இல் சிகாகோவில், நாற்பத்தைந்து வயதில், மாரடைப்பால் மறைந்தார்.

பாட்டன் கிடைத்தார். பாட்டனுக்கும் தந்தை உண்டே! அதே பாட்டை 1936 நவம்பரில், டெக்சாசின் சான் அன்டோனியோ நகர ஓட்டல் அறை ஒன்றில், ராபர்ட் ஜான்சன் என்ற இளைஞர் பதிவு செய்துவிட்டார். அவர் குழாய் மாட்டவில்லை. வெறும் விரலாலேயே அந்தத் தகிட நடையை வாசித்தார். ஒற்றைக் கிட்டாரிலே அடித்தந்திகள் நடை போட, மேல்தந்திகள் பேசும். இருவர் வாசிக்கிறார்களோ என்று தோன்றும். எல்மோர் செய்தது, மேல்தந்திகளின் அந்தப் பேச்சைப் பிரித்தெடுத்து, மின்சாரம் ஏற்றி, முழக்கமாக்கியது.

இந்த இடத்திலேதான் வந்து நுழைகிறான் சாத்தான்!

ராபர்ட் ஜான்சன் இவ்வளவு திறமை பெற்றது எப்படி? நள்ளிரவிலே நாற்சந்திக்குப் போனாராம். சாத்தான் வந்தானாம். கிட்டாரை வாங்கிச் சுருதி கூட்டித் தந்தானாம். விலை, அவருடைய ஆன்மாவாம்! இந்தப் புளுகை ஏட்டில் எழுதினார்கள், 1986-இல் திரைப்படமாகவும் எடுத்தார்கள். நாற்சந்தியைப் பார்க்க இன்றும் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். நிலவுக்கு மனிதனை அனுப்பிய நாட்டிலே இந்தக் கூத்து.

சான்றுகளைப் பார்ப்போம். நாற்சந்திப் பேரம் பற்றிய கதை முதலில் வேறொருவரைப் பற்றியது. டாமி ஜான்சன் என்ற இசைவாணரைப் பற்றி அவர் உடன்பிறந்தார் சொன்னது. குடும்பப் பெயர் ஒன்றாக இருந்ததால் இவர் தலையிலும் ஏறிற்று. மூத்த இசைவாணர் சன் ஹவுஸ், ராபர்ட்டை இளம்வயதில் அறிந்தவர். அன்று அவனுக்கு வாசிக்கவே வராது, ஊரைவிட்டுப் போனான், திரும்பி வந்தபோது எங்களை விஞ்சிவிட்டான் என்ற கருத்தில் அவர் நினைவுகூர்ந்தார். இடைப்பட்ட காலத்தில் நடந்ததென்ன? தென் மிசிசிப்பியிலே ஐக் ஜிம்மர்மன் என்ற ஆசிரியரிடம் தங்கிக் கற்றார் ராபர்ட். இருவரும் இரவிலே இடுகாட்டுக்குப் போய்க் கல்லறைமீது உட்கார்ந்து பழகினர் என்று ஆய்வாளரிடம் கூறியவர் அந்த ஆசிரியரின் மகளே. பேயைக் கூப்பிடவா போனார்கள்? அங்கேதான் யாரும் குறுக்கிட மாட்டார்கள், எவர் தூக்கமும் கெடாது. ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர், ஓயாத பயிற்சி. உண்மை இவ்வளவே.

சரி, அவருடைய நாற்சந்திப் பாட்டிலாவது சாத்தான் இருக்கிறானா? தேடிப் பாருங்கள், ஓரிடத்திலும் இல்லை. பொழுது சாய்கிற நேரம், வண்டி ஏற்றிக்கொள்வாரில்லை, ஊரார் யாரும் தன்னை அறியவில்லை என்று தவிக்கும் ஒரு மனிதனே இருக்கிறான். இருட்டியபின் முன்பின் அறியாத சாலையில் தனித்து நிற்கும் கருப்பு இளைஞனுக்கு அன்றைய மிசிசிப்பியில் என்ன நேரும் என்பதை அறிந்தோர்க்கு அந்த அச்சம் விளங்கும். வேறு பாட்டுகளில் சாத்தானைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறாரே என்பர் சிலர். ஆம், அழைத்திருக்கிறார். ப்ளூஸ் இசையையே சாத்தான் இசை என்று தேவாலயங்கள் தூற்றிய காலம். தூற்றலையே எடுத்துப் பாட்டாக்கினார் கலைஞர். உவமையைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

நமக்கு இது புதிதா என்ன? ஆடு மேய்த்தவன் கவி பாடினான் என்றால், காளி நாவிலே எழுதினாள் என்று கதை கட்டிய நாட்டவர் நாம். எளியவன் கற்றான், தேறினான், வென்றான் என்று ஒப்புக்கொள்ள மனம் வராதபோது, இங்கே வரம், அங்கே பேரம்.

வேறொரு பக்கமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. ராபர்ட் ஜான்சனும் வெட்டவெளியிலிருந்து பாட்டைப் படைக்கவில்லை. துடைப்பத்தைத் தட்டுகிற பேச்சு, 1934-இல் கோகோமோ ஆர்னால்ட் பாடிய பாட்டிலேயே வந்துவிட்டது. ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்து, மாற்றி, அடுத்தவரிடம் கொடுப்பது அந்த இசையின் மரபு. எனவே எடுத்தவர் அனைவரும் திருடர் என்று கூச்சலிடுவது அறியாமை. நாம் பார்க்க வேண்டியவை இரண்டு: எடுத்தவர் பெயரைச் சொன்னாரா? பணம் புரண்டபோது பங்கு போய்ச் சேர்ந்ததா?

சொன்னவர்கள் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைத் தோற்றுவித்த பிரையன் ஜோன்ஸ், 1962-இல் லண்டன் ஈலிங் மன்றத்தில் இத்துணுக்கை வாசித்தபோது, எல்மோர் நினைவாக எல்மோ லூயிஸ் என்று தனக்கே பெயர் சூட்டிக்கொண்டார். பீட்டில்ஸ் குழுவின் 'ஃபார் யூ ப்ளூ' பாட்டில், ஜான் லெனன் குழாய் இழைக்க, ஜார்ஜ் ஹாரிசன் எல்மோர் ஜேம்சைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். 1968 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் 'கிரீம்' குழுவின் எரிக் கிளாப்டன் வாசித்த 'கிராஸ்ரோட்ஸ்' இன்றும் உடல் சிலிர்க்கவைக்கும் வாசிப்பு. அது ராபர்ட் ஜான்சனின் பாட்டு என்பதை அவர் ஒளிக்கவில்லை.

சொல்லாதவர்களும் உண்டு. 'லெட் செப்பலின்' குழுவின் 1969-ஆம் ஆண்டுப் பெரும்புகழ்ப் பாட்டு 'ஹோல் லாட்டா லவ்'. அதன் வரிகள், வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962-இல் பாடிய பாட்டிலிருந்து வந்தவை. டிக்சன் 1985-இல் வழக்குத் தொடுத்தபின், 1987-இல் உடன்பாடு ஏற்பட்டது. இன்று அவர் பெயரும் அப்பாட்டின் ஆசிரியர் வரிசையில் அச்சாகிறது. வழக்கு மன்றப் படிக்கட்டில் ஏறித்தான் பெயரை வாங்க வேண்டியிருந்தது! ராபர்ட் ஜான்சன் 1938-இல், இருபத்தேழு வயதில் இறந்தார். அவர் பாடியது இருபத்தொன்பது பாட்டுகள். 1990-இல் அவை தொகுதியாக வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றன. சரளைக்கல் லாரி ஓட்டிப் பிழைத்த அவருடைய மகனை வாரிசு என்று மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2000-இல்! சாத்தானுடன் செய்த பேரம் பற்றி ஏடேடாக எழுதியோர், ஒலித்தட்டு நிறுவனங்கள் செய்த பேரம் பற்றி எத்தனை பக்கம் எழுதினர்?

இறுதியாக இன்னும் இருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜிமி ஹென்ட்ரிக்ஸ், எல்மோரின் 'பிளீடிங் ஹார்ட்' பாட்டை எடுத்துக்கொண்டு, குழாய் இன்றி, தந்தியை விரலால் வளைத்தே அந்த அழுகையை வரவழைத்தார். துவேன் ஆல்மன் என்ற வெள்ளை இளைஞர், சளி மருந்து வந்த கண்ணாடிக் குப்பியை விரலில் மாட்டிக்கொண்டு, 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில், எல்மோரின் 'டன் சம்பொடி ராங்' பாட்டை வாசித்தார். இத்தனை தெளிவாக, இத்தனை பாடும் குரலாக, இழைப்புக் கிட்டாரை வாசித்தவர் அவருக்குப் பின்னும் அரியர். அவ்வாண்டு அக்டோபரில் விபத்தில் மாண்டபோது வயது இருபத்து நான்கு.

கேட்க விரும்பும் தோழர்கள் 1936-ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து தொடங்குக. அடுத்து 1951. அதன்பின் நண்பர்கள் மூவரும் சொன்ன பேரன்மாரிடம் வருக. கேட்கும்போதே, தட்டின் உறையிலோ கைப்பேசித் திரையிலோ, இயற்றியவர் என்ற இடத்துக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுக.