பாகம் கேட்ட நாகம்மாள்

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் அடி அண்ணாமலையைத் தாண்டும்போது கால் வலியில்தான் கவனமாக இருப்பார்கள். அடுத்த தடவை சாலையின் இரண்டு பக்கமும் கொஞ்சம் பாருங்கள். நிலக்கடலை போட்ட மண்ணில் கல் நட்டு ப்ளாட் போட்டிருக்கிறார்கள். டீக்கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவர் 'பாகம்' பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அண்ணன் பாகம், தம்பி பாகம், கையெழுத்துப் போட மறுக்கிற அக்கா.

அந்த மாதிரி ஒரு டீக்கடையில்தான், ஆசிரமத்துக்கு வருடா வருடம் வரும் ஒரு ஜெர்மன்காரர் கையில் பழைய நாவல் ஒன்றைப் பார்த்தேன். எழுதியவர் லுட்விக் கங்ஹோஃபர். 1855-ல் பவேரியாவில் பிறந்து 1920-ல் இறந்தவர். வனத்துறை அதிகாரியின் மகன். ஆல்ப்ஸ் மலைக் கிராமங்கள், வேட்டைக்காரர்கள், காட்டு மான், கடைசியில் ஒரு கல்யாணம். இதையே திரும்பத் திரும்ப எழுதி கோடிக்கணக்கில் விற்றார். சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்முக்கே அபிமான எழுத்தாளர். பிற்பாடு சினிமாக்காரர்களும் விடவில்லை.

"உங்கள் பக்கத்தில் இப்படி மண்ணை எழுதி ஜனங்களுக்குப் பிடித்துப்போன நாவலாசிரியர் யார்?" என்றார் ஜெர்மன்காரர்.

மண்ணை எழுதியவர் என்றால் உடனே சொல்லிவிடலாம். ஆர்.சண்முகசுந்தரம். ஜனங்களுக்குப் பிடித்துப்போனவரா? அங்கேதான் இடிக்கிறது.

தாராபுரம் பக்கம் கீரனூர்க்காரர். 1917-ல் பிறந்தவர். 'நாகம்மாள்' 1942-ல், அவருடைய இருபதுகளின் நடுவில் வந்தது. கு.ப.ராஜகோபாலன் முன்னுரை. இரண்டு வருடம் கழித்து, 1944-ல், கல்கி 'சிவகாமியின் சபதம்' ஆரம்பித்ததும் தமிழ்நாடே பல்லவர் காலத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது. கொங்கு நாட்டுக் காட்டில் ஒரு விதவை நாலு ஏக்கருக்குச் சண்டை போடுவதை நின்று பார்க்க யாருக்கு நேரம்?

கதை இவ்வளவுதான். சிவியார்பாளையம் என்கிற சின்ன ஊர். நாகம்மாள் புருஷனை இழந்தவள். முத்தாயி என்று ஒரு பெண் குழந்தை. கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயி ஆகியோரோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். சின்னப்பன் நல்லவன், கடுமையான உழைப்பாளி. இது முக்கியம். கொடுமைக்காரக் கொழுந்தன், கண்ணீர் விடும் விதவை என்றால் நம் டி.வி. சீரியலுக்கு ஆகும். இங்கே யாரும் நாகம்மாளைப் பட்டினி போடவில்லை. அவளும் அழுகிற ஜாதி இல்லை. ஊருக்கே ஆகாத கெட்டியப்பனோடு பழகுகிறாள். ஊர் பேசுகிறது. பேசட்டும் என்கிறாள். அப்புறம் ஒரு நாள், பாகத்தைப் பிரி என்கிறாள்.

நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் படித்த கணக்குப் புத்தி இந்த நாவலில்தான் உபயோகப்பட்டது. விமர்சகர்கள் பலர் நாகம்மாளைப் 'பேராசைக்காரி', 'கெட்டியப்பன் தூண்டிவிட்டு ஆடியவள்' என்கிற மாதிரி படித்திருக்கிறார்கள். சட்டம் என்ன சொன்னது என்று பாருங்கள். கூட்டுக் குடும்பத்தில் மகன் இல்லாத விதவைக்குச் சோறும் துணியும்தான், பங்கு கிடையாது என்பது பழைய நிலை. 1937-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்து, கணவனின் பங்கில் அவளுக்கு ஆயுள்கால உரிமை கொடுத்தது. ஆனால் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டு விவசாய நிலத்துக்கும் நீட்டியது 1947-ல். முழு உரிமைக்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதாவது நாவல் வந்த வருடத்தில், வயக்காட்டை நம்பி வாழும் ஒரு விதவை பங்கு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். குழந்தையாவது ஆணாக இருந்தால் அவன் பேரில் கேட்கலாம். முத்தாயி பெண். சட்டம் கதவைச் சாத்தினால் மனுஷி யாரிடம் போவாள்? தடி வைத்திருப்பவனிடம்தான் போவாள். கெட்டியப்பனை அவள் தேடுவதைக் காமம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அதில் காமம் இருக்கலாம். அந்த ஊரில் அவளுக்கு அகப்பட்ட ஒரே வக்கீலும் அவன்தான்.

சண்முகசுந்தரம் இந்தச் சட்டப் புத்தகத்தையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஊரைப் பார்த்து எழுதியிருக்கிறார். மணியக்காரர் எப்படி நடுவில் புகுந்து ஆதாயம் பார்க்கிறார், ராமாயியின் அம்மா காளியம்மாள் நிலத்தை விற்றுவிட்டு மகளையும் மருமகனையும் தன் ஊருக்கு இழுக்க எப்படிக் காய் நகர்த்துகிறாள் என்பதெல்லாம் உபதேசம் இல்லாமல், கொங்குப் பேச்சில், போகிறபோக்கில் வருகின்றன. கங்ஹோஃபரின் கிராமத்துக்கு டிக்கெட் எடுத்துப் போகத் தோன்றும். சிவியார்பாளையத்துக்கு யாரும் போக ஆசைப்பட மாட்டார்கள். விற்பனை வித்தியாசத்துக்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

குறை இல்லையா? இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் ஓட்டம். அடிதடி, சின்னப்பன் சாவு, சட்டென்று திரை. அதுவரை கூடவே வந்த நாகம்மாளின் மனசுக்குள் அந்த நேரத்தில் என்ன ஓடியது என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் பத்துப் பக்கம் வேண்டும். அவர் தரவில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். 'தமிழின் முதல் வட்டார நாவல்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வியாக்கி வைத்துவிட்டோம். தி.ஜானகிராமனின் தஞ்சாவூர் மட்டும் ஏன் ஸார் வட்டாரம் இல்லை? காவிரித் தண்ணீர் என்றால் இலக்கியம், கிணற்றுத் தண்ணீர் என்றால் வட்டாரமா?

கோவையில் பதிப்பகம், பத்திரிகை என்று அலைந்தார் மனிதர். வங்க நாவல்களை மொழிபெயர்த்துத் தள்ளினார். விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழில் தந்தவர் அவர்தான். வேகமாக எழுதியதால் பிற்கால நாவல்கள் சில நீர்த்துப் போயின. அதை மறைக்க வேண்டியதில்லை. 1977-ல் காலமானார். பிறகு பெருமாள்முருகன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்கே இவரை எடுத்துக்கொண்டார். 'நாகம்மாள்' காலச்சுவடு கிளாசிக் வரிசையில் மறுபடி வந்தது. மெல்லிய புத்தகம், ஒரு ரயில் பயணத்தில் முடித்துவிடலாம். பிடித்திருந்தால் அடுத்தது 1960-ல் வந்த 'அறுவடை'. மற்றதெல்லாம் அப்புறம்.