கணக்கப்பிள்ளை வீட்டுக்காரரானார்!

பழனிமலையின் கீழ்ப்பகுதியில், காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் பாச்சலூரில், குடிநீர்க் குழாய் உடைந்தால் உழவர் யாரிடம் செல்வார்? ஊராட்சித் தலைவர் வீட்டுத் திண்ணைக்குச் செல்வார். கேட்பார், ஏசுவார், "அடுத்த தேர்தல் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்" என்று எச்சரித்துத் திரும்புவார். அந்த எச்சரிக்கைக்குத்தான், தோழர்களே, தன்னாட்சி என்று பெயர்!

2025 சனவரி 5-ஆம் நாளோடு அந்த எச்சரிக்கை செல்லாக்காசாயிற்று. திண்டுக்கல் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிந்தது. காலம் முடியுமுன்னரே தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243-ஈ பிரிவு. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார். சிற்றூராட்சிகள் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் நல்லவராகவே இருக்கட்டும், நாணயமானவராகவே இருக்கட்டும். அவரிடம் மன்றாடலாம், அவரை மாற்ற ஊராரால் ஆகாது.

"பயிற்சி பெற்றவர் நிர்வகித்தால் என்ன குற்றம்? அமெரிக்காவைப் பாரீர்!" என்பர் சிலர். பார்த்தோம். 1908-இல் ஸ்டான்டன் நகரம் சம்பளத்துக்கு மேலாளரை அமர்த்திற்று. 1913-இல் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த டேட்டன் நகரம், மறு ஆண்டே அம்முறையை மேற்கொண்டது. ஆனால் மேலாளரை அமர்த்தியது யார்? மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம். தவறினால் வீட்டுக்கு அனுப்புவதும் அதே மன்றம். அங்கே அவர் கணக்கப்பிள்ளை. இங்கோ, தீர்மானம் போடுபவரும் அவரே, நிறைவேற்றுபவரும் அவரே, "சரியாக நிறைவேறியதா?" என்று கேட்க வேண்டியவரும் அவரே! அவரை அனுப்பியவர்கள் கோட்டையில் இருக்கிறார்கள். அவர் அவர்களுக்குத்தானே கணக்குச் சொல்வார்?

தலைவர்களில் சாதிச் செருக்கர் உண்டு, பணம் சுருட்டுவோர் உண்டு. மறைப்பானேன்? அதற்காக, "ஊராருக்கு ஆளத் தெரியாது, தகுதி உடையோர் ஆளட்டும்" என்பதை ஏற்பதா? இந்தத் 'தகுதி'ப் பல்லவி நமக்குப் புதிதா! ஈரோடு நகராட்சித் தலைவராக அமர்ந்து குடிநீர்த் திட்டம் கண்ட பெரியார், சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர்.

மற்றொன்று இதைவிடக் கொடிது. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிய இடங்கள், பெண்களுக்குரிய சரிபாதி இடங்கள் — அத்தனையும் மன்றம் இருந்தால்தானே இருக்கும்? தனி அலுவலர் நாற்காலிக்கு ஒதுக்கீடு கிடையாது! பழங்குடியினர்க்குரிய ஒதுக்கீடு முறையாக இல்லை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், 2016 அக்டோபரில் உயர்நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையை நீக்கிற்று. விளைவு? 2019 டிசம்பர்த் தேர்தல்வரை, பழனிமலைப் பளியர்க்கு மட்டுமல்ல, எவர்க்குமே ஊராட்சியில் இடமில்லை. பங்கு குறைகிறதே என்று கேட்டவன் இலையையே இழந்தான்!

பிறரை மட்டும் சாடிவிட்டு நகர்வது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. சென்னை மாநகராட்சி மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டது. கலைத்தது கழக ஆட்சி. வருகைப்பதிவேட்டு ஊழல் மெய்யே. ஊழல் செய்தோரைத் தண்டிக்க மன்றத்தையே மூட வேண்டுமா? ஆட்சிகள் மாறின, அலுவலர் நாற்காலி மாறவில்லை. மறுபடி மேயர் வர 1996 ஆயிற்று. அந்த 23 ஆண்டுகளில், இதைக் கண்டித்து நம் மேடைகளில் எத்தனை கூட்டம் நடந்தது, நம் ஏடுகளில் எத்தனை கட்டுரை வந்தது என்று பாச்சலூர் இளைஞன் ஒருவன் எழுந்து கேட்டால், நாம் எந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவோம்?