நிறம் நிற்கும், அச்சு நகரும்: சிலிண்டர் பவருக்கான கலர் லென்ஸ் ஒரு மதிப்பீடு

சிலிண்டர் பவர் இல்லாத கண்ணுக்குக் கலர் லென்ஸ் வாங்கும்போது சாம்பலா, தேன்நிறமா என்பதே முதல் கேள்வி. சிலிண்டர் பவர் உள்ள கண்ணுக்கு அது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். சிலிண்டர் பவரால் திருத்தப்படும் குறையான, மலேசியக் கண்ணாடிக் கடைகளில் 'சிலாவ்' என்று சொல்லப்படும் ஆஸ்டிக்மாட்டிசத்தில் கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒளி ஒரே புள்ளியில் குவியாமல் இரண்டு இடங்களில் குவிகிறது. எழுத்துக்கு நிழல் விழுகிறது, இரவில் தெருவிளக்கு கோடு கோடாக இழுபடுகிறது. இதைச் சரிசெய்யும் 'டோரிக்' லென்ஸின் மேல் நிறமும் அச்சிட்டு விற்கிறார்கள். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை தேடப்படும் இந்தப் பொருளைப் பற்றிய தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: நன்றாகப் பொருத்தப்பட்டால் இது வாங்கத் தகுந்த பொருள். ஆனால் நிலைக்கண்ணாடியில் முகம் பார்த்து இதற்கு மதிப்பெண் போட முடியாது. நிலைக்கண்ணாடி காட்டுவது நிறத்தை மட்டுமே. காசு கொடுப்பதோ லென்ஸ் கண்ணில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதற்கு.

சாதாரண லென்ஸ் கண்ணுக்குள் எப்படிச் சுழன்றாலும் பவர் மாறாது. டோரிக் லென்ஸில் சிலிண்டர் பவர் ஒரு குறிப்பிட்ட அச்சில்தான் இருக்கிறது. அந்த அச்சு கண்ணின் அச்சோடு பொருந்த வேண்டும். அதற்காகப் பல லென்ஸ்களில் அடிப்பகுதியைச் சற்றுத் தடிப்பாக்குகிறார்கள். தஞ்சாவூர் பொம்மைபோல அடிக்கனத்தால் நிமிர்ந்து நிற்கிறது என்று இதை நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் பெரும்பங்கு வேலையைச் செய்வது இமை. ஒவ்வொரு சிமிட்டலிலும் மேலிமை மெல்லிய பகுதியின் மேல் வழுக்கித் தடித்த பகுதியைக் கீழே தள்ளுகிறது. ஆகவே இமையின் இறுக்கம், கண் திறப்பின் வடிவம், கண்ணீரின் அளவு ஆகியவை எல்லாம் சேர்ந்துதான் லென்ஸ் எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்கின்றன. ஒருவர் கண்ணில் அசையாமல் நிற்கும் அதே லென்ஸ் அவர் தங்கையின் கண்ணில் இருபது டிகிரி சாய்ந்து நிற்கலாம். சாய்ந்தால் என்ன இழப்பு என்பதை எளிய கணக்கிலேயே பார்க்கலாம். அச்சு 10 டிகிரி விலகினால் சிலிண்டர் பவரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் திருத்தப்படாமல் நிற்கும். மைனஸ் 1.25 சிலிண்டர் உள்ளவருக்கு அது ஏறக்குறைய 0.43, 20 டிகிரி விலகினால் 0.85, 30 டிகிரியில் முழு 1.25-உம் திரும்பி வந்துவிடும், அதுவும் வேறொரு அச்சில். இவ்வளவு நடந்தாலும் கண்ணின் நிறத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. வட்டமாக அச்சிட்ட வடிவம் சுழன்றாலும் வட்டமாகத்தான் இருக்கும்.

இனி நிறத்தின் பக்கம். நம்மவர் கண்கள் பெரும்பாலும் அடர்பழுப்பு. வெளிர் கண்ணுக்கு மெல்லிய சாயம் தோய்த்த லென்ஸ் போதும். கரிய கண்ணில் அந்தச் சாயம் காணாமல் போய்விடும். ஒளி ஊடுருவாத நிறமிகளைப் புள்ளி புள்ளியாக அச்சிட்டால்தான் நிறம் எடுபடும். அமெரிக்காவின் வெஸ்லி ஜெஸன் நிறுவனம் 1980-களின் பிற்பகுதியில் இந்த முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகே கரிய கண்ணுக்கான கலர் லென்ஸ் ஒரு பெருந்தொழிலாக வளர்ந்தது. நிறமி லென்ஸுக்குள் பொதிந்திருந்தால் கவலை குறைவு. மேற்பரப்பிலேயே படிந்திருந்தால் அது சொரசொரப்பாகி, இமையை உரசுவதோடு கிருமி ஒட்டவும் இடம் கொடுக்கும். நடுத்துளை இன்னொரு வரம்பு. பார்வைக்காக நிறமில்லாமல் விடப்படும் அந்தத் துளை ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். இருட்டில் இளம் கண்ணின் பாவை அதைவிடப் பெரிதாக விரியும். அப்போது நிற வளையத்தின் ஓரம் பார்வைக்குள் நுழைந்து, விளக்குகளைச் சுற்றி மங்கலான வளையம் தோன்றும். அச்சு விலகலால் வரும் இழுபடலும் இதோடு சேர்ந்தால், மழை இரவில் பெடரல் நெடுஞ்சாலையில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு வண்டி ஓட்டுவது ஆபத்தான காரியம்.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்களையும் சற்றுச் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது. திறந்திருக்கும் கண்ணில் அது காற்றிலிருந்துதான் ஆக்சிஜன் வாங்குகிறது. லென்ஸ் எவ்வளவு ஆக்சிஜனை உள்ளே விடுகிறது என்பதை 'டிகே/டி' என்ற அளவு சொல்லும். பகலில் அணிய இது 24 இருக்க வேண்டும் என்று 1984-இல் ஹோல்டன், மெர்ட்ஸ் இருவரும் கணித்தார்கள். 1999-இல் ஹார்விட், பொனன்னோ அதை 35-ஆக உயர்த்தினார்கள். பழைய ஹைட்ரோஜெல் வகையான ஃப்ரெஷ்லுக் கலர்பிளெண்ட்ஸின் அளவு 20-ஐ ஒட்டியது. சிலிகான் ஹைட்ரோஜெல்லான ஏர் ஆப்டிக்ஸ் கலர்ஸின் அளவு 138. ஆனால் இவை மைனஸ் 3.00 பவர் லென்ஸின் மெல்லிய நடுப்பகுதியில் எடுத்த அளவுகள். டோரிக் லென்ஸின் தடித்த அடிப்பகுதியில் இதைவிடக் குறைவாகவே ஆக்சிஜன் செல்லும். எனவே பழைய வகைப் பொருளில் செய்த டோரிக் கலர் லென்ஸை காலை முதல் இரவு வரை அணிவது, நிறமில்லாத சிலிகான் டோரிக்கை அணிவதற்குச் சமமாகாது. நிறத்துக்குக் கொடுக்கும் விலையில் அணியும் நேரமும் சேர்த்தி.

சந்தையில் சிக்கல் இன்னும் கூடுகிறது. பரவலாகக் கிடைக்கும் ஏர் ஆப்டிக்ஸ் கலர்ஸிலும் 1-டே அக்யுவ்யூ டிஃபைனிலும் சிலிண்டர் பவர் கிடையாது. ஃப்ரெஷ்லுக்கில் ஒரு காலத்தில் டோரிக் கலர் இருந்தது, பிறகு நிறுத்திவிட்டார்கள். ஜப்பானின் சீட் நிறுவனத்துக்கு ஐ காஃப்ரே என்ற ஒருநாள் லென்ஸில் டோரிக் உண்டு. கொரியத் தயாரிப்புகளும் சொல்லிச் செய்விக்கும் வகைகளும் இருக்கின்றன. ஆயினும் பல வரிசைகளில் சிலிண்டர் சில படிகளில் மட்டுமே வரும். அச்சும் 180, 90 ஆகியவற்றை ஒட்டியதாகவே இருக்கும். 45, 135 போன்ற சாய்ந்த அச்சு உள்ளவருக்குத் தேர்வு மிகக் குறைவு. இந்த இடைவெளியை விற்பனையாளர்கள் ஒரு கணக்கால் நிரப்புகிறார்கள். சிலிண்டரில் பாதியைச் சாதாரண பவரோடு கூட்டிக் கொடுத்துவிடுவது. மைனஸ் 3.00, சிலிண்டர் மைனஸ் 1.50 என்றால் மைனஸ் 3.75 கலர் லென்ஸ். இது ஏமாற்று வேலை அல்ல, பழைய மருத்துவ வழக்கம்தான். ஆனால் சிலிண்டர் அப்படியே இருக்கிறது. மங்கல் இரண்டு திசைக்கும் பங்கு வைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கல்யாணத்துக்கு நாலு மணி நேரம் அணிய இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? சிலிண்டர் 0.75-க்குள் இருந்தால் தேவையில்லை என்பதே நேர்மையான பதில். பாதி சேர்த்த சாதாரண ஒருநாள் கலர் லென்ஸ் பலருக்குப் போதும். விளக்கேற்றவும் படம் எடுக்கவும் பந்தியில் உட்காரவும் அந்த மங்கல் தடையாகாது. வீடு திரும்ப வண்டியை வேறொருவர் ஓட்ட வேண்டும், அது ஒன்றே நிபந்தனை. ஆனால் 1.25-உம் அதற்கு மேலும் உள்ளவருக்கு இந்தச் சலுகை செல்லாது. அரைகுறைத் திருத்தத்தோடு கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்க்கும்போது தலைவலி வரும்; பழி லென்ஸின் நிறத்தின் மேலோ பிராண்டின் மேலோ விழும். நேரம் குறைவு என்பதால் மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம், தொற்றை அப்படிப் பொறுக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்படியானால் கையிலிருக்கும் லென்ஸைச் சோதிப்பது எப்படி? டோரிக் லென்ஸில் மெல்லிய குறிக்கோடுகள் உண்டு. பல வகைகளில் அவை கடிகாரத்தின் ஆறு மணி இடத்தில் இருக்கும். நிற அச்சின் மேல் அவை வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஸ்லிட் லேம்ப் நுண்ணோக்கியில் ஆப்டோமெட்ரிஸ்ட் பார்த்து, கோடு எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப அச்சைக் கூட்டியோ குறைத்தோ வேறு லென்ஸ் தருவார். அணிந்து சில நிமிடங்கள் கழித்து, லென்ஸ் நிலைகொண்ட பிறகே இந்த அளவு எடுக்க வேண்டும். அணிபவரும் சில சோதனைகளைச் செய்யலாம். தூரத்துப் பெயர்ப்பலகையைப் பார்த்தபடி சிமிட்டினால் எழுத்து தெளிந்து மங்கித் தெளிகிறதென்றால் லென்ஸ் அசைகிறது. இடமும் வலமும் பார்த்துத் திரும்பியதும், ஒருக்களித்துப் படுத்து எழுந்ததும் பார்வை எவ்வளவு விரைவில் தெளிகிறது என்று கவனிக்கலாம். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிப்பது முக்கியம். நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். இந்த ஊருக்கென்று இன்னொரு சோதனையும் உண்டு. வெளியே ஈரக்காற்று, அலுவலகத்தில் நாள் முழுக்க ஏர்கான். கடையில் நன்றாக நின்ற லென்ஸ் மதியத்துக்குள் உலர்ந்து விறைத்து இடம் மாறலாம். ஆகவே மாலை வேளையில், சில மணி நேரம் அணிந்த நிலையில் மறுபரிசோதனைக்குப் போவதே பயனுள்ளது.

கடைக்காரர் வியாபாரத்துக்காக இப்படிச் சொல்கிறார், அதே பெட்டி இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பது அடுத்த ஆட்சேபம். பெட்டி ஒன்றாக இருக்கலாம். பொருத்தும் வேலை பெட்டிக்குள் இல்லை. மூக்குக்கண்ணாடிச் சீட்டில் இருக்கும் எண்ணை அப்படியே லென்ஸுக்கு எடுத்துக்கொள்ளவும் முடியாது, மைனஸ் 6.00 கண்ணாடி, கருவிழியை ஒட்டிய லென்ஸில் ஏறக்குறைய மைனஸ் 5.60 ஆகிவிடும். சட்டமும் இந்தப் பக்கம்தான். மலேசியாவில் 1991-ஆம் ஆண்டின் ஆப்டிக்கல் சட்டம் காண்டாக்ட் லென்ஸ் வழங்குவதைத் தகுதி பெற்றுப் பதிந்தவர்களுக்கே ஒதுக்குகிறது. 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டத்தின்படி லென்ஸ் ஒரு மருத்துவச் சாதனம். அதன் பதிவை மருத்துவச் சாதன ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். அமெரிக்காவும் 2005-இல், பவரே இல்லாத அலங்கார லென்ஸைக்கூட மருத்துவச் சாதனமாக்கியது. பாசார் மாலாம் மேசையிலும் கைப்பேசி நேரலையிலும் விற்கப்படும் லென்ஸுக்குப் பின்னால் அளந்து பார்த்தவர் யாரும் இல்லை என்பதே விலை குறைவதற்கான காரணங்களில் ஒன்று.

பல வருடமாக அணிகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பவர்களுக்கு 2006 ஒரு பதில். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் லென்ஸ் அணிந்தவர்களிடையே ஃபியூசேரியம் பூஞ்சைத் தொற்று பரவியது. அதோடு தொடர்புபடுத்தப்பட்ட ரெனு மாய்ஸ்சர்லாக் திரவத்தை பாஷ் அண்ட் லாம் நிறுவனம் அந்த மே மாதம் உலகெங்கும் திரும்பப் பெற்றது. நம்மைப் போன்ற வெக்கையான, ஈரமான ஊரில் கிருமிக்குக் குறைவில்லை. குழாய்த் தண்ணீரில் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கக்கூடும். லென்ஸையும் அதன் டப்பாவையும் தண்ணீரில் கழுவக்கூடாது என்பது அதனால்தான். தீபாவளி எண்ணெய்க் குளியல் முடிந்து, கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்த பிறகே லென்ஸ். அதன் பின்னரே மையும் ஒப்பனையும், மை இமையின் உள்விளிம்பில் ஏறாமல். தைப்பூசத்தன்று பத்துமலை ஆற்றில் குளிக்கிறவர் அன்று மூக்குக்கண்ணாடியோடு போவது நல்லது. லென்ஸோடு தூங்கக்கூடாது, தோழியோடு மாற்றிக்கொள்ளக்கூடாது. கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ உடனே கழற்றி அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். லென்ஸையும் டப்பாவையும் உடன் கொண்டுபோனால் கிருமியைக் கண்டறிய உதவும். சூடோமோனாஸ் பாக்டீரியா ஓரிரு நாளிலேயே கருவிழியை அரித்துவிடக்கூடியது. பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை இருக்கிறது. எந்தப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம். மருந்துக்கடைச் சொட்டு மருந்தோடு நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு.

முடிவாக, சிலிண்டர் 0.75-க்குள் உள்ளவர் சாதாரண ஒருநாள் கலர் லென்ஸை விசேஷ நாளுக்கு வாங்கலாம். 1.25-உம் மேலும் இருந்து, அச்சு 180 அல்லது 90-ஐ ஒட்டி இருந்தால் ஒருநாள் டோரிக் கலர் பொருத்திப் பார்க்கத் தகுந்தது. தினசரி வேலைக்கு நிறமில்லாத சிலிகான் டோரிக்கையோ மூக்குக்கண்ணாடியையோ வைத்துக்கொள்ளலாம். அச்சு சாய்ந்தவரும் கண் வறட்சி உள்ளவரும் இரவில் நெடுந்தூரம் வண்டி ஓட்டுபவரும் நிறத்தை விட்டுக்கொடுப்பதே மேல். எந்தக் கடை என்று தேர்ந்தெடுக்கவும் ஒரே அளவுகோல் போதும்: சோதனை லென்ஸ் போட்டுப் பார்த்து, அச்சை அளந்து, மறுபரிசோதனைக்கு நாள் குறித்துத் தருகிறார்களா? இல்லையென்றால் அங்கே நிறத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.